முண்டூரிலிருந்து தோஹா வரை: பி.யு.சித்ராவின் 1500 மீட்டரும் நம் எல்லைப்புறப் பிள்ளைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம், தமிழ் பேசும் வீடுகளில் ஓடுகிற பெண் பிள்ளைகள் உண்டு. பி.யு.சித்ராவைப் பற்றிக் கேட்கிற பெற்றோர் அதே மூச்சில் தங்கள் மகளைப் பற்றியும் கேட்டுவிடுகிறார்கள். அதனால் இரண்டையும் பிரிக்காமலே பதில் எழுதியிருக்கிறேன்.

சித்ரா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பாலக்காடு மாவட்டம் முண்டூர்க்காரர். பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு போகிற வழியில் இருக்கிற ஊர். 1995இல் பிறந்தவர், பெற்றோர் விவசாயக் கூலிகள். 1500 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை ஆசிய சாம்பியன்: 2017இல் புவனேஸ்வரத்தில், 2019இல் தோஹாவில். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். இவ்வளவு வென்றும் 2017இல் அவர் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது ஓடாத ஒரு போட்டியால்தான். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நடுத்தூர ஓட்டம் என்றால் எவ்வளவு தூரம்?

முக்கியமாக 800 மீட்டரும் 1500 மீட்டரும். 400 மீட்டர் டிராக்கில் 800 என்பது இரண்டு சுற்று, 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று.

இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தூரம் போலத் தெரிந்தாலும் குணம் வேறு. 800இல் முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனிலேயே ஓட வேண்டும்; கோடு தாண்டிய பிறகுதான் உள்ளே வரலாம். தொடுபுழாவிலிருந்து வந்த ஷைனி வில்சன் 1986 சியோல் ஆசிய விளையாட்டில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி முன்னால் ஓடியும், அந்தக் கோட்டுக்கு முன்பே லேன் மாறியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு 800 கற்றுக்கொடுக்கிற எவரும் முதல் நாளே சொல்ல வேண்டிய கதை இது.

1500இல் லேன் கிடையாது. வளைந்த கோட்டில் வரிசையாக நின்று, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் உள்கோட்டுக்குப் பாய்வார்கள். முழங்கை இடிக்கும், ஷூவின் அடியிலிருக்கிற ஸ்பைக்ஸ் ஆணி காலைக் கீறும். யார் பின்னால் ஒளிந்து ஓடுவது, எப்போது வெளியே வந்து தாண்டுவது என்ற கணக்கு கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்கும். பதக்கப் போட்டிகளில் முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போய், கடைசி 300 மீட்டரில் எல்லாம் முடிவாவது வழக்கம். சித்ராவின் பலமே அந்தக் கடைசி 300தான்.

பள்ளியிலேயே பெரிய ஆளாக இருந்தாரா?

ஆமாம். முண்டூர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் என்.எஸ்.சிஜினிடம் பயிற்சி. 2013இல் இட்டாவாவில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டில் 1500, 3000, 5000 மூன்றிலும் தங்கம் வாங்கினார். அந்தக் காலத்தில் உத்தரப் பிரதேச அரசும் கேரள அரசும் ஆளுக்கொரு நானோ கார் பரிசு கொடுத்தன. பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கிடைத்த தினப்படி 25 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. இரண்டு கார் வென்ற பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 25 ரூபாய்! நம் ஊரில் விளையாட்டுக்குப் பணம் எப்போது வருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: ஜெயித்த பிறகுதான் வரும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பள்ளி மீட்களில் (தடகளப் போட்டிகளில்) ஒரே பிள்ளையை 1500, 3000, 5000 எல்லாவற்றிலும் இறக்கி, மாவட்டத்துக்குப் புள்ளி சேர்க்கிற பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சித்ராவின் உடம்பு தாங்கியது. தாங்காமல் பிளஸ் டூவோடு ஓட்டத்தை விட்டவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

2017இல் லண்டனுக்கு ஏன் போகவில்லை? உண்மையில் என்ன நடந்தது?

வரிசையாகப் பார்ப்போம், ஏனென்றால் இதைப் பாதி பாதியாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம்.

2017 ஜூலை 6 முதல் 9 வரை புவனேஸ்வரத்தில் ஆசிய தடகளப் போட்டி. சித்ரா 1500 மீட்டரை 4 நிமிடம் 17.92 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஆகஸ்டில் லண்டனில் உலகப் போட்டி. அதற்கான நுழைவுத் தரம் 4 நிமிடம் 7.50 விநாடி. அந்த நேரத்தைச் சித்ரா தொடவில்லை. ஆனால் இன்னொரு வழி உண்டு. கண்டத்து சாம்பியனாக வந்தவரை, நேரம் எட்டாவிட்டாலும், தகுதி பெற்றவராக உலகத் தடகள அமைப்பு எடுத்துக்கொள்ளும். ஆக ஆசிய சாம்பியனுக்குக் கதவு திறந்திருந்தது. ஆனால் அவர் பெயரை அவர் நாட்டுத் தடகளச் சம்மேளனம் அனுப்ப வேண்டும்.

இடையில் ஆந்திரத்தின் குண்டூரில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி வந்தது. புவனேஸ்வரம் முடிந்து ஒரு வாரம்தான். அங்கே சித்ரா முதலிடத்தைத் தவறவிட்டார். அப்புறம் வந்த இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதே புவனேஸ்வரத்தில் வென்ற ஆண்கள் 1500 சாம்பியன் அஜய் குமார் சரோஜ், பெண்கள் ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) சாம்பியன் சுதா சிங் பெயர்களும் இல்லை. உலகப் போட்டியில் ஓடுகிற அளவுக்கு நேரம் இல்லை, ஆட்டம் நிலையாக இல்லை என்பது சம்மேளனத்தின் விளக்கம்.

சித்ரா கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவரை அணியில் சேர்க்க வழி செய்யுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பெயர் கொடுக்கும் கடைசி நாள் அதற்குள் தாண்டியிருந்தது. சம்மேளனம் எழுதிக் கேட்டதை உலக அமைப்பு ஏற்கவில்லை. இதற்கு நடுவில், அணியில் இல்லாத சுதா சிங்கின் பெயர் சர்வதேச நுழைவுப் பட்டியலில் காணப்பட்டு, குழப்பம் இன்னும் கூடியது.

சம்மேளனத்தின் வாதத்தில் துளி நியாயம் இருக்கிறது. 4:17 ஓடுகிறவர் லண்டனில் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றைத் தாண்டியிருப்பது கஷ்டம். ஆனால் கேள்வி அதுவல்லவே. கண்டத்தை வென்றவருக்குத் தரப்படுகிற இடம் பதக்க வாய்ப்பைப் பார்த்துத் தரப்படுவதல்ல, வென்றதற்கான உரிமை. முன்கூட்டியே தெளிவான விதியை எழுதி வைக்காமல், பட்டியல் வந்த பிறகு காரணம் சொல்வது எந்த விளையாட்டுக்கும் அழகில்லை. ஒரு நடுத்தூர ஓட்டக்காரிக்குக் கால் மட்டும் போதாது. காகிதமும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதோடு மனசு உடைந்து போகவில்லையா?

ஓட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அஷ்காபாத்தில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 1500 தங்கம். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் 4:12.56 ஓடி வெண்கலம். முன்னால் போன இருவரும் பஹ்ரைனுக்காக ஓடியவர்கள். அன்று மாலையே ஆண்கள் 1500இல் கோழிக்கோட்டுக்காரர் ஜின்சன் ஜான்சன் தங்கம் வென்றார்.

2019 ஏப்ரலில் தோஹாவில்தான் அவருடைய மிகச் சிறந்த போட்டி என்பேன். 4:14.56. பஹ்ரைனின் டிகிஸ்ட் கஷாவை 0.25 விநாடியில் தாண்டித் தங்கம். மூன்றாவதாக வந்தவர் வின்ஃப்ரெட் யாவி. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 2023இல் ஸ்டீபிள்சேஸில் உலக சாம்பியன், 2024 பாரிஸில் ஒலிம்பிக் சாம்பியன். முண்டூர்ப் பெண் பின்னால் விட்டு வந்த ஆள் அவர்!

ஆசிய சாம்பியன் என்ற வகையில் அதே ஆண்டு அக்டோபரில், அதே தோஹாவில் உலகப் போட்டிக்கு அவர் போனார். 2017இல் மூடிய கதவு 2019இல் திறந்தது. ஹீட்ஸோடு முடிந்தது உண்மை. ஆனால் ஓடிய நேரம் 4:11.10, அவர் அதுவரை ஓடியதிலேயே வேகமானது. பெரிய மேடையில் தன் சிறந்த நேரத்தை ஓடுகிறவர்கள் குறைவு.

4:11 என்பது நல்ல நேரமா?

ஒரு சுற்றுக்குச் சுமார் 67 விநாடி. உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு சுற்றை அந்த வேகத்தில் ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். இந்திய அளவில் சுனிதா ராணி 2002 பூசான் ஆசிய விளையாட்டில் ஓடிய 4:06.03 ஏறக்குறைய இருபது ஆண்டு நின்றது. 2021இல் ஹர்மிலன் பெயின்ஸ் 4:05.39 ஓடினார், 2024இல் தீக்‌ஷா 4:04.78. உலகச் சாதனை கென்யாவின் ஃபெய்த் கிப்யேகன் 2025இல் ஓடிய 3:48.68. ஆக, ஆசியாவில் தங்கம், உலகத்தில் ஹீட்ஸ். இந்த இரண்டும் ஒரே காலில் நடப்பதுதான் இந்திய நடுத்தூர ஓட்டத்தின் நிலைமை.

கேரளத்தில் மட்டும் எப்படி இத்தனை பெண் ஓட்டக்காரர்கள்?

மண் ராசி என்பார்கள். நான் நம்புவதில்லை. பள்ளி மீட் என்ற ஏணிதான் காரணம். பள்ளியில் ஜெயித்தால் சப் ஜில்லா, அங்கிருந்து ஜில்லா, அப்புறம் ஸ்டேட். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் படம் போடும், கிரேஸ் மார்க் கிடைக்கும். பையன்களுக்குக் கிடைக்கிற மதிப்பில் பெரிதாகக் குறைவில்லை. பெண்ணை விடியற்காலையில் மைதானத்துக்கு அனுப்ப அப்பா தயங்காததற்கு இது ஒரு காரணம். எங்கள் மாவட்டத்தில் முண்டூர், பறளி, கல்லடி என்று பள்ளிப் பெயரைச் சொன்னாலே ஓட்டம் ஞாபகம் வரும். மூன்றுமே சாதாரணப் பள்ளிகள், பிடிவாதமான பி.டி. மாஷ் (உடற்கல்வி ஆசிரியர்) இருந்த பள்ளிகள்.

மற்றது முன்மாதிரி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதும், ஷைனி 800 அரையிறுதி வரை போனதும் அதே ஒலிம்பிக்கில். பிறகு உஷாவின் ஓட்டப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 800 ஓட்டக்காரர் டின்டு லூக்கா வந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து நடுத்தூரத்தில் யாரும் வரவில்லையா?

வந்தார்கள். புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். செங்கல் சூளைக் கூலி வீட்டுப் பெண். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக வைத்திருக்க வேண்டிய தகவல் தொலைக்காட்சிச் செய்தியானது. விதியைப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம், அவரை நடத்திய விதத்துக்கு வாதமே கிடையாது. பின்னாளில் அவர் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார்.

திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து, சித்ரா வென்ற அதே 2019 தோஹா போட்டியில் 800 தங்கம் வாங்கினார், 2:02.70. பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கம் போனது. நான்கு ஆண்டுத் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்பது அவர் வாதம். மருந்து பற்றிய கேள்விக்குக் கீழே வருவோம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு. 1500 ஓட வைக்கலாமா?

ஓடட்டும், ஆனால் 1500க்கு என்று தனியாகத் தயார் செய்யாதீர்கள். சப் ஜூனியர் பிரிவில் 600 மீட்டர்வரை வைத்திருப்பதே அதற்குத்தான். இந்த வயதில் குதித்தல், தாண்டுதல், 100, 400, மைதானத்தில் பந்து என எல்லாம் கலந்து வேண்டும். பதினாறு பதினேழில்தான் எந்தத் தூரம் பொருந்துகிறது என்று தெரியும்.

பயிற்சி பற்றி ஒரு கணக்கு மட்டும். 800 ஓட்டத்தில் உடம்புக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் மூச்சுக் காற்றின் துணையோடு கிடைக்கிறது; 1500இல் அது ஐந்தில் நான்கு பங்கு. எனவே வாரத்தின் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டமாக இருக்க வேண்டும். வேகமான 200, 400 ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடுகிற ரெப்பிடிஷன் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தினமும் ஸ்டாப் வாட்ச்சைக் காட்டி மிரட்டுகிற மாஷிடம் பிள்ளை இரண்டு வருஷம் மின்னும், மூன்றாம் வருஷம் முழங்காலில் கட்டு போட்டுக்கொண்டு உட்காரும்.

இந்த வெயிலில் எங்கே, எப்போது ஓடுவது?

மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் 40 டிகிரி தொடும். விடியற்காலையை விட்டால் வேறு வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னொரு தொல்லை. எதிர்க்காற்றில் ஓடிய நேரத்தைப் பார்த்து யாரும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். தார்ச் சாலையைவிட வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு மண்பாதை காலுக்கு நல்லது. பிள்ளைகளைத் தனியாக அனுப்பாமல் மூன்று நான்கு பேராக அனுப்புங்கள். நாய்த் தொல்லைக்கும் அது நல்லது. சிந்தெடிக் டிராக்கில் பழக்கம் வேண்டுமென்றால் பாலக்காடு, இல்லையென்றால் கோவை நேரு ஸ்டேடியம். மீட்டுக்கு முந்தைய வாரங்களில் சில தடவை போய் வந்தால்கூட ஸ்பைக்ஸ் பழகிவிடும்.

சாப்பாடு? முட்டையும் பாலும் கொடுத்தால் போதுமா?

பாதி வேலை முடிந்தது. மற்ற பாதி இரும்புச்சத்து. ஓடுகிற பெண் பிள்ளை "சோம்பேறி ஆயிட்டா" என்று மாஷ் சொன்னால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். கேழ்வரகு, கீரை, கடலை, கருவாடு, ஈரல் எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடிப்பது அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பில் விரிசல் வருவது பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டம். அம்மாக்கள் இதை மாஷிடம் பேசக் கூச்சப்பட்டால், பெண் டீச்சர் ஒருவர் வழியாகவாவது பேச வேண்டும்.

லேகியம், அரிஷ்டம் கொடுக்கலாமா?

பாலக்காட்டில் இருந்துகொண்டு ஆயுர்வேதம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்டேட், நேஷனல் என்று போகிற பிள்ளைக்கு விதி கடுமையானது: உடம்பில் எது இருந்தாலும் அது ஓடியவரின் பொறுப்பு. யார் கொடுத்தார்கள், தெரிந்து எடுத்தாரா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், பதக்கத்தைக் காப்பாற்றாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடி, ஜிம் கடை புரோட்டீன் டப்பா, "ஸ்டாமினா" மாத்திரை எதையும் தொட வேண்டாம். காய்ச்சலுக்கு டாக்டர் மருந்து எழுதும்போதும் 'விளையாட்டுக்காரி' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்கள் எல்லையில் இருக்கிறோம். கேரளத்துக்கு ஓடுவதா, தமிழ்நாட்டுக்கா?

பள்ளி மீட்டில் இந்தக் கேள்வியே இல்லை: பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலம். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளி என்றால் பிள்ளை தமிழ்நாட்டுக்குத்தான் ஓடும். தடகளச் சங்கப் போட்டிகளில் எந்த மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறீர்களோ அது. மாநிலம் மாற வேண்டுமென்றால் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். நினைத்த மாத்திரத்தில் நடக்காது.

ஹாஸ்டல் வசதி இரண்டு பக்கமும் உண்டு. கேரளத்தில் ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஹாஸ்டல்கள், திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா பள்ளி, தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள். செலக்‌ஷன் டிரையல்ஸ் தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. என் அபிப்பிராயம்: நல்ல மாஷ் பக்கத்தில் இருந்தால் பத்தாவது வரை வீட்டிலிருந்தே ஓடட்டும்.

காகித வேலை என்கிறீர்களே, என்னென்ன?

நம் வீடுகளில் வருகிற சிக்கல் பெயர்தான். பிறப்புச் சான்றில் மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். வயதுப் பிரிவில் சந்தேகம் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு மீட்டின் சான்றிதழையும் அன்றே நகலெடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த நிலை மீட், எத்தனையாவது இடம், எந்த ஆண்டு என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஓடினால் வேலை கிடைக்குமா?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, போலீஸ், தபால் துறை என்று வாய்ப்பு உண்டு. சித்ரா ரயில்வேயில் சேர்ந்தார், ஷைனி இந்திய உணவுக் கழகத்தில். ஆனால் அந்த நிலைக்கு வருகிறவர்கள் சிலரே. படிப்பை விட்டுவிட்டு ஓடச் சொல்கிற யோசனை எனக்கு இல்லை.

கல்யாணம் ஆனால் ஓட்டம் முடிந்ததுதானே?

பாட்டிமார் கேட்கிற கேள்வி. ஷைனி வில்சன் தாயான பிறகுதான் 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார். 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 800 மீட்டரை 1:59.85இல் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை டின்டு லூக்கா 1:59.17 ஓடி முறியடித்தது 2010இல். நடுவில் பதினைந்து வருஷம், கல்யாணம் ஆகாத எந்தப் பெண்ணாலும் அதைத் தொட முடியவில்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.